ஒற்றை மணிக்குப் பிரேக்

டிரைவரம்மாவின் வீட்டில் அழைப்பு மணி கிடையாது. முன்பு இருந்தது, மகள்தான் கழற்றிப் போட்டாள். வாசலில் யாராவது மணியை அமுக்கினால் போதும், அடுப்படியில் நிற்கிற அம்மாவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். ஒருமுறை அந்த மிதி கேஸ் சிலிண்டரில் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டிவருகிற கால். நடத்துநர் ஒற்றை மணி அடித்தால் பிரேக், இரட்டை மணி அடித்தால் போகலாம். காது கேட்டதும் கால் செய்துவிடும். நடுவில் மூளையை ஒரு வார்த்தை கேட்கிற வழக்கமெல்லாம் அதற்கு இல்லை.

இப்படிப்பட்டவளை மேஜைக்கு மேஜை மணி வைத்திருக்கிற சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆனது. அதுவும் மாப்பிள்ளையின் அக்கா அவளைப் பார்க்க வந்த அன்றைக்கு.

மாப்பிள்ளை என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. டிரைவரம்மாவும் கணவனைப் பறிகொடுத்தவள்தான். உரிமம் புதுப்பிக்கக் கண் சோதனைக்குப் போனபோது, மற்ற கடைக்காரர்களைப் போலச் சுவரைக் காட்டி எழுத்தைப் படிக்கச் சொல்லாமல், "உங்களுக்கு எது நல்லாத் தெரியணும்?" என்று முதலில் கேட்டவர் அவர். "ஸ்டாப்புல நிக்கிற ஆளு கை காட்டுறாரா, சும்மா தலையச் சொறியறாரான்னு தூரத்துலயே தெரியணும்" என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு, கண்ணாடி காதில் அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டு அவள் நாலைந்து முறை அந்தக் கடைக்குப் போனாள். கண்ணாடி எங்கேயும் அழுத்தவில்லை.

இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே கேள்வியில் முறிந்துபோயின. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவீர்கள்தானே என்றார்கள். மாட்டேன் என்றாள். கொடுத்த காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அப்போது அவளுக்கு வருத்தமே இல்லை, போனால் போகட்டும் என்று அன்றைக்கே சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். இந்த முறை அப்படிக் கிளம்ப முடியாது. அவளுக்கு இவரைப் பிடித்திருந்தது. வண்டியையும் பிடித்திருந்தது. இரண்டும் வேண்டும் என்கிற ஆசை அந்த வயதில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆட்டி வைத்தது.

"அவங்க அக்கா கண்டிப்பா வேலையப் பத்திக் கேப்பாங்கம்மா," என்று மகள் காலையில் தலை பின்னிவிட்டபடியே பாடம் நடத்தினாள். "அவங்க சொல்றதத்தான் அவரு கேப்பாரு. நீ 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லு. சொல்லிட்டு சாப்பிடு. பேசாத."

"பாக்கலாம்," என்று டிரைவரம்மா சொல்லிப் பார்த்தாள்.

"இவ்வளவு கடுப்பா இல்ல."

சாப்பாட்டுக் கடை, கண்ணாடிக்காரரின் கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொரியச் சாப்பாட்டையும் பர்கர், மக்ரோனி, சீஸ் வகையறாவையும் ஒன்றாகக் கலந்து கட்டி அடிக்கிற கடை. மர மேஜைகள், மேஜை ஓரத்தில் ஆளைக் கூப்பிட வட்டமான ஒரு பொத்தான், டம்ளர் நிறையக் கத்தரிக்கோல். கண்ணாடிக்காரர் தினமும் மதியம் அங்கேதான் சாப்பிடுவார். அவரும் அவர் அக்காவும் ஒரு பக்கம் உட்கார, எதிரே டிரைவரம்மா உட்கார்ந்தாள். சேலை மடிப்பைக் கலையாமல் நீவிவிட்டுக்கொண்டாள்.

"இது துணி வெட்டுற கத்தரிக்கோலாடா தம்பி?" என்று அக்கா சந்தேகமாகக் கேட்டார்.

"கறி வெட்டுறதுக்குக்கா," என்றார் கண்ணாடிக்காரர். "இங்க அப்படித்தான். அப்புறம், ஒரு விஷயம் சொல்லணும்னு நெனச்சேன். இவங்க வேலையப் பத்தி—"

பக்கத்து மேஜைக்காரர் எதற்கோ பொத்தானை அமுக்கினார். சமையலறைப் பக்கச் சுவரில் 'டிங்' என்றது. அச்சு அசல் பஸ் மணி. டிரைவரம்மாவின் வலது கால் மேஜைக்கு அடியில் சடாரென்று இறங்கியது, நேராகக் கண்ணாடிக்காரரின் பாதத்தின் மேல்.

அவர் வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார். அவளைப் பார்த்தார். புரிந்தது என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டி, "அப்புறம் சொல்றேன்" என்றார். அவளுக்கு மானம் போயிற்று. மன்னிப்புக் கேட்கலாமென்றால் எப்படித் தொடங்குவது? வாயைத் திறந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் அந்தக் கேள்வி வரும். இடது காலை வலது காலின் மேல் போட்டு அழுத்திக்கொண்டாள்.

அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. சுடச்சுட இரும்புச் சட்டியில் சிவப்பாக வறுத்த சோறு, அதில் மிளகாய் போட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ், கிம்ச்சி என்றார்கள், மேலே உருகி வழிகிற சீஸ், அதற்கும் மேலே ஒரு முட்டை. இன்னொரு தட்டில் கையகலப் பர்கர், உள்ளே தேனும் காரமுமாகப் பூசிய கோழி வறுவல். நடுவில் ஒரு கிண்ணம் மக்ரோனி. டிரைவரம்மா ஒரு கரண்டி சோற்றை எடுத்தாள். சீஸ் நூலாக நீண்டது, கையை எவ்வளவு உயர்த்தியும் அறுந்தபாடில்லை. கண்ணாடிக்காரர் கத்தரிக்கோலை எடுத்து வெகு மரியாதையாகக் கத்தரித்துவிட்டார். வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, பின்னாலேயே காரம், அதை அடக்க வந்த சீஸ். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில் பாதி, மிளகாயில் பாதி. டிப்போ கேண்டீனில் ஆறிப்போனதை நின்றபடி விழுங்கியே பழகியவளுக்கு, இதெல்லாம் சாப்பாடா விளையாட்டா என்று சிரிப்பு வந்தது.

"நல்லா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"சட்டியையும் சாப்பிடலாமான்னு யோசிக்கிறேன்," என்றாள்.

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சுளித்துக்கொண்டே தொடங்கியவர் இப்போது மக்ரோனிக் கிண்ணத்தை யாருக்கும் தெரியாமல் தன் பக்கம் நகர்த்தியிருந்தார். காரியம் கூடிவந்துவிட்டது என்று டிரைவரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புரியாத கால் மற்ற காலின் பிடியிலிருந்து நழுவியதையும் அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, அந்த வேலை விஷயம்," என்று கண்ணாடிக்காரர் மறுபடி தொடங்கினார்.

டிங்.

இந்த முறை முழங்காலுக்குக் கீழே, எலும்பில். அவர் முகம் ஒரு கோணலாகப் போய்த் திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லக்கா, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் பத்திரமாக இழுத்துக்கொண்டார்.

"என்னடா, சொல்ல வர்றே, முழுங்கறே," என்றார் அக்கா. மூட்டுவலிக்காரர், காலை மடக்கி நெடுநேரம் உட்கார முடியாது. தம்பி காலி செய்த இடத்தில் தன் காலைச் சுகமாக நீட்டிக்கொண்டு டிரைவரம்மாவைப் பார்த்தார். "நானே கேட்டுடறேன். தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்டுல பொம்பளைங்க வெளிய போய் இந்த மாதிரி வேலையெல்லாம் பாத்ததில்ல. கல்யாணத்துக்கப்புறம் பஸ் ஓட்டுறத விட்டுடுவ, இல்ல?"

வாய்க்குள் 'பாக்கலாம்' தயாராக இருந்தது. மகள் சொன்னபடி கடுப்பில்லாமல், கொஞ்சம் குழைவாகக்கூட இருந்தது. அவள் உதட்டைப் பிரித்தாள்.

டிங்.

"ஐயோ," என்று அக்கா கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் டம்ளர் உருண்டு மக்ரோனியில் கொட்டியது. "எதுக்கும்மா மிதிக்கிற? கேட்டது பிடிக்கலைன்னா வாயால சொல்லேன்."

டிரைவரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். காது மடல் எரிந்தது. இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "மன்னிச்சுக்கங்கக்கா. வேணும்னு செய்யல. ஒத்த மணி கேட்டா என் காலு பிரேக் போட்டுடும். வீட்டுல மணியே வைக்கல நாங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பாக்கலாம்னு சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா அது பொய்க்கா. வண்டிய என்னால விட முடியாது. ஆசையா ஓட்டுறேன். உங்க தம்பியையும் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் பையை எடுக்கக் கை போனது.

"அப்ப என்னை மிதிச்சதும் பிரேக்தானா?" என்று கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார். "பேசாதேன்னு சொல்றீங்கன்னுல நெனச்சேன். நான் அக்காகிட்ட சொல்ல வந்ததே அதுதான். இவங்க வேலைய விட வேணாம், நீ அதக் கேக்காதேன்னு. ரெண்டு தடவை வாயத் திறந்தேன், ரெண்டு தடவையும் மிதி."

அக்கா தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தண்ணீரில் மிதக்கிற மக்ரோனியைப் பார்த்தார். பாதத்தைத் தடவிக்கொண்டார். டிரைவரம்மா பையைப் பிடித்தபடியே நின்றாள்.

"இவ்வளவு வேகமா பிரேக் போடுற ஆளு ஓட்டுற பஸ்ல ஏறலாம், பயமில்ல," என்றார் கடைசியில். "உக்காரும்மா. ஒத்த மணிக்கு நிப்பாட்டுவ, சரி. திரும்ப எப்ப கிளப்புவ?"

"ரெண்டு மணி அடிச்சாக்கா," என்றபடி அவள் உட்கார்ந்தாள்.

அக்கா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, மேஜை ஓரத்துப் பொத்தானை நிதானமாக அமுக்கினார். டிங். ஒரு மூச்சு விட்டு மறுபடி அமுக்கினார். டிங்.

பரிமாறுகிற பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் டிரைவரம்மாவின் வலது கால் பிரேக்கிலிருந்து எழுந்து ஆக்ஸிலரேட்டர் பக்கத்துக்கு நகர்ந்தது. அங்கே கண்ணாடிக்காரர் எப்போது நீட்டினாரோ, அவருடைய செருப்புக் கால் இருந்தது. வண்டியைக் கிளப்பும்போது மிதிப்பதுபோல, மெல்ல மிதித்தாள். அவர் காலை எடுத்துக்கொள்ளவில்லை.