முன்னால் சாப்பிட்டவள்

துப்பறியும் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியிருந்த காலம். ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனம் வாசகசாலையில் ரசிகர்கள் எனக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். என் புதிய நாவலில் கணவனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றவன் பங்காளி. மனைவி ஒன்றும் அறியாதவள்.

கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்தார்.

"கொன்னது பொண்டாட்டிதாங்க. புருஷன் சாப்பிடாம ஒருநாளும் சாப்பிடாதவ, அன்னிக்கு மட்டும் முன்னாடியே சாப்ட்டுட்டான்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? சாவு விழுந்தா வீட்ல அடுப்பு எரியாதுன்னு தெரிஞ்சுதான சாப்ட்டா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நாவலில் அந்தக் கிணறும் அந்தச் சாப்பாடும்தான் என் கற்பனை இல்லை. விழுப்புரத்தில் சித்தப்பா கிணற்றில் விழுந்து இறந்த அன்று, செய்தி வருவதற்கு முன்பே சித்தி சாப்பிட்டுக் கைகழுவியதைச் சின்ன வயதில் பார்த்திருந்தேன். ஏதோ ஞாபகத்தில் அப்படியே எழுதிவிட்டேன்.

கூட்டம் முடிந்து, இரவு தங்க விழுப்புரத்தில் சித்தி வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. இலை போட்டு வைத்திருந்தாள்.

"உனக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன். நீ வராம நான் சாப்பிடுவனா?" என்றாள்.

சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அன்றும் கேட்கவில்லை, அவள் கண்மூடும்வரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் கதைகளில் யாரும் சாப்பிடுவதில்லை.