பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘நாடி டாக்டர்’ என்று பெயர். செத்துக் கிடக்கும் சர்க்யூட் போர்டை மீட்டரில் மாட்டி, அது இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். “இது தூங்கலப்பா, தூங்குற மாதிரி நடிக்குது” என்பாள். குழுவினர் திறந்து பார்த்தால் அவள் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

காதுக்கருவி சிப்புக்குள் ஃபர்ம்வேர் எழுதுவது அவள் தொழில். எப்படி விழிப்பது, எந்தச் சத்தத்தைக் கூட்டுவது என்று உள்ளே எழுதி வைக்காவிட்டால் சிப் வெறும் கல். சாலிடரிங் மேசையில் தொடங்கியவள், இன்று குழுவுக்கே தலைமை. தப்பு செய்தவரைத் திட்ட மாட்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். இதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று முனகுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவளை இழுத்து வந்தது காய்ச்சலில் காது போன அக்கா. வேறு கருவிகளை எல்லாம், “தகர டப்பாக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்குடீ” என்று கழற்றி எறிந்தவள், தங்கை செய்ததை மட்டும் விடவில்லை. அக்காவுக்கு எட்டுகிற அளவு சத்தம் தரும் ஒரே மாடல் அது. அதன் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

அந்த மாடலில் ஓடிய ஃபர்ம்வேரின் பழைய பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. அந்த ஓட்டைக்கு யாரும் திரும்பிப் போகாதபடி, புதுப் பதிப்பு ஏறியதும் சிப்புக்குள் ஒரு மெல்லிய இழை எரியும். அதன்பின் பழையது ஓடாது. புதியது ஒருமுறை ஒழுங்காக விழித்த பிறகே இழையை எரிக்க வேண்டும் என்பது அவளே போட்ட விதி. ஒவ்வொரு கருவியும் பேட்டரி மாற்றி அப்படி விழித்து முடிய நாள் பிடிக்கும்.

“முதல்லயே எரிச்சிடுங்கம்மா” என்றார் நிறுவன இயக்குநர். “உங்க டீம் தப்பா எழுதுமா என்ன?”

புகழ்ச்சி வேலை செய்தது. கையெழுத்துப் போட்டாள்.

அப்டேட் போனது. பேட்டரி மாற்றியவர்களின் கருவிகள் புதுப் பதிப்பில் விழிக்க முடியாமல் ஒவ்வொன்றாக ஊமையாயின.

“பழைய பதிப்பு உள்ளேயேதான மேடம் இருக்கு? தானா அதுக்குத் திரும்பிடுமே!” என்றார் குழுவில் ஒருவர்.

“இழை எரிஞ்சிடுச்சுப்பா. பழையத சிப் இனி சேத்துக்காது.”

“திருத்தி அனுப்பலாமே?”

“வாங்கிக்க அது முழிச்சிருக்கணுமே.”

மீட்டரில் கோடு அசையாமல் கிடந்தது. இந்த நாடியைப் பார்க்க டாக்டர் தேவையில்லை.

மறுநாள் மதியம் அக்கா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஊமையாகிவிட்ட தன் கருவியை மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள்.

“வெளிய காதுக்கருவியோட பெரிய கூட்டம் நிக்குதுடீ. எனக்கு முதல்ல பண்ணிக் கொடு. தங்கச்சிய வச்சிருக்கிறது எதுக்கு?”

அவள் கருவியைப் பார்த்தபடி, “முடியாதுக்கா” என்றாள்.

“குனிஞ்சுக்கிட்டு பேசினா எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியக் காட்டிச் சொல்லு.”

அறையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் நிமிர்ந்தாள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சொன்னாள்.

அக்காவின் சிரிப்பு நின்றது. கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

“இப்ப சொல்லு” என்றாள்.