யாரும் ஆஃப் பண்ண வேண்டாம்

இருவரும் சேர்ந்து கடைசியாகச் செய்தது ஒரு டிஸ்க்கைக் காலி செய்யும் வேலை. பன்னிரண்டு நிமிடம் ஆனது. செழியன் புனேயில், அலுவலக வராந்தாவில் நின்றபடி போனில் சொன்னான். அவனுடைய அம்மா ஈஸ்வரி ஒரத்தநாட்டில், தான் வேலை பார்த்த தனியார் பள்ளியின் சர்வர் அறையில் உட்கார்ந்து அடித்தாள். திங்கட்கிழமை காலை.

“df -h போட்டியா? டிஸ்க் எவ்வளவு நெறஞ்சிருக்கு?”

“போட்டேன். நூறு பர்சன்ட்டுங்குது. அட்டெண்டன்ஸ் ஏற மாட்டேங்குது செழியா. ஆபீஸ்லேருந்து வந்து வந்து எட்டிப் பாக்குறாங்க, அடுப்புல பால் வச்ச மாதிரி.”

மெஷின் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல் ஒன்று முப்பது ஜிபிக்கு வளர்ந்திருந்தது. அதை அழிக்க rm போடச் சொன்னான். போட்டாள். மறுபடி df. அதே நூறு.

“அழிச்சிட்டேனே. எடம் வரலியே.”

“அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் தொறந்து வச்சிருக்கும்மா. நீ பேரை மட்டும்தான் எடுத்திருக்க. தொறந்தது மூடுற வரைக்கும் உள்ள அப்படியே இருக்கும். lsof +L1 போடு, எதுன்னு காட்டும்.”

காட்டியது.

“அப்ப அழிச்சது அழியலையா?”

“அந்தப் புரோகிராமை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. அழிஞ்சிடும்.”

அவன் சொன்னதை அவள் மெல்லத் தனக்குள் திருப்பிச் சொன்னாள். எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தான்.

ரீஸ்டார்ட் செய்த பிறகு தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. போதாது. பிள்ளைகள் லேபில் எழுதும் புரோகிராம்களில் சில நிற்காமல் சுற்றி, .txt ஃபைலாகக் கக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில். செழியன் மணியைப் பார்த்தான். மீட்டிங் தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“இதை அடி. find /home, கோட்ஸுக்குள்ள ஸ்டார் டாட் txt, அறுபது நாளுக்கு மேல தொடாதது எல்லாம், கடைசியில -delete.”

அடித்தாள். சாவிகளின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“மொதல்ல -print போட்டு எதெல்லாம் போகும்னு பேரைப் பாத்துக்கவா? நீதானே சொல்லுவ, பாத்துட்டு அழின்னு.”

“டைம் இல்லம்மா. அடி.”

அடித்தாள்.

“எழுபத்திரண்டு ஆயிடுச்சு. நீ போடா, உனக்கு வேலை இருக்கும்.”

போனை முதலில் வைத்தது செழியன்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டரைக்குத்தான் பார்த்தார்கள். டாக்டர் இதயம் என்றார்.

பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமை முடிந்தது. உறவினர்கள் ஞாயிறு மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் செழியன் அம்மாவின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தான். புது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அக்கரையில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது.

ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் துரைராசு வாசலிலேயே நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர்.

“வாங்க தம்பி. சாப்டீங்களா?”

“சாப்டேன் சார்.” சாப்பிட்டிருக்கவில்லை.

“சாவியக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா? கொஞ்சம் உள்ள வந்து அந்த மிஷினையும் பாத்துடுங்க. போன வாரம் சென்னைலேருந்து ஆளு வந்து எல்லாத்தையும் கிளவுடுல ஏத்தியாச்சு. இனிமே இது பழைய இரும்பு. இன்னிக்கு ஒம்போது மணிக்கு லைன் வேலைன்னு கரண்ட்ட நிறுத்துறாங்க, சாயந்தரம்தான் வரும். அதோட இதையும் மூடிடுன்னு கரஸ்பாண்டண்ட் சொல்லிட்டாரு.”

“சரி சார்.”

“ஆனா எனக்குக் கை வரல பாருங்க. மேடம் ஒட்டி வச்சிட்டுப் போயிருக்காங்க.”

சர்வர் அறை என்பது லேபுக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோர். பள்ளியிலேயே ஏசி உள்ள ஒரே அறை. கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. ஒரு ஸ்டூல், ஒரு மேசை, டிபன் டப்பா வைக்கப் பழைய செய்தித்தாள் மடிப்பு. மெஷினின் முகத்தில் ஒரு வெள்ளைத் தாள். அம்மாவின் கையெழுத்து, அச்சுப் போல: யாரும் ஆஃப் பண்ண வேண்டாம். என் மகன் வந்து பார்க்க வேண்டும்.

“எங்களுக்கு ஃபேனே ஒழுங்கா சுத்தாது, மிஷினுக்கு ஏசின்னு நான் கேலி பண்ணுவேன். மதியம் சாப்பாடு மேடத்துக்கு இங்கதான். சோறு ஆறிப்போயிருமேன்னா, ஆறட்டும் சார், இங்க சத்தம் இல்லைம்பாங்க.” துரைராசு தாளைப் பார்த்தார். “இது ஒட்டினது ஒரு திங்கக்கெழமை. நீங்க வர்றீங்களான்னு கேட்டேன். அவனுக்கு ஓய்வு கெடைக்கும்போது வருவான்னாங்க. சரி, நீங்க பாருங்க தம்பி. நான் பிரேயர் முடிச்சிட்டு வர்றேன்.”

மணி எட்டு இருபது.

செழியன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கீபோர்டின் அடியில் இன்னொரு துண்டுச்சீட்டு. இரண்டு வரி.

யு.பி.எஸ். பேட்டரி, பட்டுக்கோட்டை. அடுத்த கரண்ட் கட்டுக்கு முன்.

செழியனிடம் கேட்க வேண்டும்: அழித்தது திரும்பக் கிடைக்குமா? அவன் ஓய்வாக இருக்கும்போது.

இரண்டாவது வரியை அவன் பலமுறை படித்தான். எதை அழித்தாள்? அவள் எதையும் பார்க்காமல் அழிக்கிற ஆள் இல்லை.

ஈஸ்வரி கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஒரத்தநாட்டில் சைக்கிள் கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவள். புருஷன் கண்ணுசாமி மஞ்சள்காமாலையில் போனபோது செழியன் எட்டாம் வகுப்பு. பள்ளி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். லேப் வந்ததும் லேப் உதவியாளர் ஆனாள். சர்வரைப் பார்த்துக்கொண்டவர் சென்னையில் வேலை கிடைத்து நடு வருஷத்தில் கிளம்பியபோது, சாவிக்கொத்தையும் பாஸ்வேர்ட் எழுதிய தாளையும் யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஈஸ்வரி நின்றாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. செழியன் அப்போது திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம்.

பதிமூன்று வருஷம் போனிலேயே கற்றாள். Tab அடித்தால் மிச்சப் பெயரை மெஷினே நிரப்பும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் முழுப் பெயரையும் அடிப்பாள். கீபோர்டைப் பார்க்க மாட்டாள். வரி முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அடித்ததை ஒருமுறை படித்துவிட்டுத்தான் Enter. ஆபீசில் ஸ்டென்சில் அடித்த காலத்துப் பழக்கம். ஒரு பிழைக்கு ஒரு தாள் வீணாகும். அவள் கையில் அந்த மெஷினில் ஒரு மார்க் ஷீட்கூடத் தொலைந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், பர்மிஷன் சம்பந்தமாக அவள் அதே வாரத்தில் நான்காவது முறையாகக் கூப்பிட்டாள். “ஒவ்வொண்ணுக்கும் கூப்பிடாதம்மா. man போட்டு மேனுவலைப் படி, எல்லாம் அதுல இருக்கு” என்றான். அவன் குரல் உயரவில்லை. அதன் பிறகு, டிஸ்க் நிறைந்த அந்தத் திங்கள் வரை, அவள் கூப்பிடவில்லை.

தன் பெயரில் லாகின் செய்தான். பாஸ்வேர்ட் அப்பாவின் பைக் நம்பர். போன முறை அவன் உள்ளே வந்த தேதியை மெஷின் தானாகச் சொன்னது. பதினான்கு மாதம் ஆகியிருந்தது. யார் யார் உள்ளே வந்தார்கள் என்று last போட்டுப் பார்த்தான். அதற்குக் கீழும் மேலும் வரிவரியாக ஒரே பெயர். eswari, eswari, eswari. ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

மெஷின் நிற்காமல் ஓடிய கணக்கு, uptime, இருநூற்று மூன்று நாள்.

அப்போதுதான் உறைத்தது. அழித்தது. ஆஃப் பண்ண வேண்டாம். அடுத்த கரண்ட் கட்டுக்கு முன் பேட்டரி. sudo lsof +L1 அடித்தான்.

ஒரே ஒரு வரி வந்தது. ஃபைலைத் திறந்து படிப்பதற்கான less என்ற புரோகிராம், ஈஸ்வரியின் பெயரில். அது திறந்து வைத்திருந்த ஃபைல் /home/eswari/kurippu.txt. கடைசியில் deleted என்ற சொல்.

அவள் அவனிடம் பேசும்போதெல்லாம் தன் குறிப்புகளை இன்னொரு விண்டோவில் திறந்து வைத்துக்கொள்வாள் போலிருக்கிறது. அவன் அடிக்கச் சொன்ன find அந்தக் குறிப்புகளையும் சேர்த்து அழித்திருக்கிறது. அறுபது நாளாக அதில் ஒன்றும் ஏறவில்லை, ஏனென்றால் அவள் அறுபது நாளாக அவனைக் கூப்பிடவில்லை. -print போட்டிருந்தால் பெயர் கண்ணில் பட்டிருக்கும். மற்ற எல்லாருடைய ஃபைலுக்கும் தினமும் பேக்கப் எடுத்தவள், தன்னுடையதை அதில் சேர்த்திருக்கவில்லை. அவன் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி, திறந்ததை மூடாமல், ஆள் போனாலும் விண்டோவைத் திறந்தே வைத்திருக்கும் screen-இலிருந்து மெல்ல வெளியே வந்து, தாளை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மூன்று வாரமாக அந்த less மூடாமல் இருந்தது. கரண்ட் போனால் அதுவும் போகும்.

எட்டு நாற்பத்தொன்று.

வழி உண்டு. அவனுடைய வேலையில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது இதைச் செய்வான். less-இன் எண் 4417. ஃபைல் நான்காவதாகத் திறந்திருந்தது. மூடுவதற்குள் அதைப் பிரதி எடுத்தால் போதும்.

cp /proc/4417/fd/4 /home/eswari/kurippu.txt

sudo சேர்த்து அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அந்த வரியை முதலிலிருந்து படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு Enter.

ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது. சரியாக நடந்தால் அந்த மெஷின் ஒன்றும் சொல்லாது. ls -l போட்டான். முப்பத்தெட்டு கேபி. சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, முழுதும் எழுதி முடிய sync கொடுத்தான்.

அதன் பிறகுதான் மணியைப் பார்த்தான்.

ஒன்பது அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போதே கரண்ட் போனது. ஏசி நின்றது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் படித்தான். அவள் பேச்சில் எழுதுகிறவள் அல்ல. ஆபீஸ் கடிதத் தமிழ்.

“pwd. எங்கே நிற்கிறோம் என்று முதலில் பார்க்கவும். பிறகு மற்றது.”

“df மொத்தக் கணக்கு. du -sh * அடித்தால் எந்த ஃபோல்டர் தின்றது என்று தெரியும். செழியன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். இரவு சப்பாத்தி மட்டும்.”

“rm-க்கு முன் அதே வரியை ls-உடன் அடிக்கவும். ls-இல் வருவதுதான் rm-இல் போகும்.”

“Ctrl, R. முன்பு அடித்ததைத் தேடித் தரும். இது தெரியாமல் மூன்று வருடம் வீண்.”

“chmod 777 கூடாது. போட்டால் திட்டுவான். காரணம் உண்டு.”

“crontab -e என்பதில் e-க்குப் பக்கத்துச் சாவி r. -r என்றால் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் crontab -l செய்து பிரதி எடுக்கவும். செழியனுக்குக் காய்ச்சல். குரலில் தெரிந்தது. கேட்டதற்கு இல்லை என்றான்.”

“screen. லைன் அறுந்தாலும் வேலை நிற்காது. Ctrl A, பிறகு D. வெளியே வந்து வீட்டுக்குப் போகலாம். காலையில் விட்ட இடத்திலேயே இருக்கும்.”

ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி இருந்தது. போன் பேசிய நிமிடக் கணக்கு இருந்தது. கடைசிக் குறிப்பு மூன்று மாதத்துக்கு முந்தையது.

“man. எல்லாம் இதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கூப்பிட வேண்டாம் என்றான். நியாயம்தான். 4 நிமிடம்.”

அவள் வருத்தப்பட்டாளா என்று அந்த வரியில் தேடினான். இருந்தது அவ்வளவுதான்.

துரைராசு கதவருகே வந்து நின்றார். “என்ன தம்பி இந்தக் கத்து கத்துது? ஆவி பிரியப்போகுதா?” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல வாயை மூடிக்கொண்டார்.

“பேட்டரி போயிடுச்சு சார். நானே மூடிடுறேன்.”

அம்மாவின் லாகினுக்கு மாறி, screen -r போட்டு அவள் விண்டோவுக்குள் போனான். அவள் விட்ட இடம். திரையில் நின்றது rm-க்கு முன் ls என்ற பக்கம். அன்று அவள் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், பாத்துக்கவா என்று. q அடித்தான். less மூடியது. shutdown -h now. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யு.பி.எஸ். மட்டும் இன்னும் சற்று நேரம் கத்தி, ஓய்ந்தது.

தாளைக் கிழியாமல் உரித்து மடித்தான்.

“ஸ்வெட்டர எடுத்துக்கங்க தம்பி” என்றார் துரைராசு. எடுத்துக்கொண்டான். அதன் பையில் ஏதோ மொடமொடத்தது. பட்டுக்கோட்டை பேட்டரிக் கடையின் சீட்டு, நம்பருடன். வராந்தாவுக்கு வந்து அந்த நம்பருக்குப் போன் செய்தான்.

“ஒரத்தநாடு ஸ்கூல் மேடமா? ஆமா சார், வந்து மூணு வாரம் ஆவுது. சனிக்கிழமை வர்றேன்னாங்க, ஆளக் காணும். கரண்ட் கட்டுக்கு முன்னாடி கண்டிப்பா வேணும், வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொன்னாங்க. அதான் பேர எழுதித் தனியா வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?”

செழியன் பஸ் வரும் பக்கம் பார்த்தான். சாலையில் யாரும் இல்லை.

“சார்? லைன்ல இருக்கீங்களா? எடுத்துட்டுப் போயிடுங்க சார். சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்.”