கோயிலில் சுகம் கேட்டது

புஷ்பராணி மட்டக்களப்புக்காரி. கனடாவின் மொன்றியலில் தையல் ஆலையில் வேலை செய்தபடியே பிரெஞ்சு பழகி, மனம் நொந்த பிள்ளைகளோடு பேசி ஆற்றும் ஒரு நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர். தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் அங்கே தாயையும் பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வீட்டுக் கதையில்தான் தொடங்குவார்கள்.

அப்படி வந்தவள் பிரஷாந்தினி. பதினாறு வயது. நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் போக மனமில்லை. சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாமல் தாய் சிவநேசம்தான் கூட்டிவருவார். பல கிழமை வாய் திறக்காதவள் ஒருநாள், "வீட்டில நான் சிரிக்கிறதெல்லாம் அம்மா அழக்கூடாது எண்டுதான்" என்று பிரெஞ்சில் சொன்னாள். புஷ்பராணி அதைத் தமிழில் சொன்னதும், சிவநேசம் மகளின் கையை எட்டிப் பிடித்தார்.

அங்கே வருபவர்களை வெளியில் கண்டால் அவர்களாகப் பேசும்வரை பேசக்கூடாது என்பது நிலையத்தின் விதி. முகம் பார்த்தும் பேசாமல் போனால் எங்கள் ஆட்கள் அதைப் பகை என்றல்லவா எடுப்பார்கள் என்று புஷ்பராணி நினைத்துக்கொள்வார்.

அடுத்த வெள்ளி, நகரத்துக்குப் பக்கத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில். சாப்பாட்டு வரிசையில் தாயும் மகளும் சொந்தக்காரரோடு முன்னால் நின்றார்கள். பிரஷாந்தினி கண்டுவிட்டுத் தலையைக் குனிந்தாள். பாவம், கூச்சப்படுகிறாள் என்று எண்ணிய புஷ்பராணி கிட்டப்போய் முதுகைத் தடவினார்.

"இப்ப நித்திரை வருகுதா, மகள்?"

சிவநேசத்தின் மச்சாள் திரும்பிப் பார்த்தாள். "ஏன், இவளுக்கு நித்திரைக்கு என்ன? நீங்கள் ஆர்?"

பிரஷாந்தினி தட்டை வைத்துவிட்டுக் காருக்குப் போனாள்.

பிறகு சிவநேசம் தொலைபேசியில் கதைத்தார். "வீடு முழுக்கக் கேள்வி, அக்கா. அவள் இனி வரமாட்டன் எண்டிட்டாள். உங்களில பிழை இல்லை."

பிழை இல்லை என்ற அந்தச் சொல்தான் புஷ்பராணியை அதிகம் உறுத்தியது. அதற்குப் பிறகு விதியை அவர் ஒருநாளும் மீறவில்லை.

பிறகு, பக்கத்து லவால் நகருக்கு மெத்ரோ ரயில் ஓடத் தொடங்கிய வருடம், ரயில் மேடையில் பிரஷாந்தினியைக் கண்டார். மெலிந்திருந்தாள். புஷ்பராணி உடனே முகத்தைத் திருப்பி, வந்து நின்ற வண்டியில் ஏறினார். அவள் தன்னை நோக்கி நாலு அடி வந்து நின்றதும், ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கதவு மூடிய பிறகுதான் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தன.