மேம்பாலத்தில் முட்டுக்கொடுத்த பஸ்

எழுபதுகளின் கடைசி. மதுரையை ஒட்டிய பரவை ரோட்டில் எவனும் என்னை முந்தக் கூடாதென்ற திமிரில், என் டீசல் பிக்கப்பின் பின் அச்சிலிருந்த, பாரம் இழுப்பதற்கான பினியன் பல்சக்கரத்தைக் கழற்றி, வேகத்துக்கான பினியனை மாட்டச் சொன்னேன்.

"அண்ணே, லோடோட மேட்டுல நின்னா எடுக்காது" என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை.

மறுநாள் வெங்காய மூட்டைகளோடு போகையில், ஒரு டவுன் பஸ்ஸை ஹாரன் அலற முந்தினேன். மதுரை மேம்பால ஏற்றத்தில் முன்னே மாட்டுவண்டி நிற்கவே, நானும் நின்றேன். எடுக்கும்போதெல்லாம் இன்ஜின் அணைந்து, வண்டி பின்னால் சரிந்தது. சைக்கிள்காரர்கள் அலறி ஒதுங்கினார்கள்.

டக்கென்று ஒரு முட்டு. வண்டி நின்றது. நான் முந்திய அதே பஸ் பின்னால் தாங்கி நின்றது.

"பயப்படாத மாப்ள, எடு. நான் தள்ளுறேன்" என்று கத்தினார் அதன் டிரைவர்.

உச்சியில் ஓரங்கட்டி வழிவிட்டேன். ஹாரன்கூட அடிக்காமல் போனார்.

இன்றும் ஏற்றத்தில் ஒரு வண்டி திணறினால் நான் முந்துவதில்லை, பின்னாலேயே போகிறேன்.