ஏணி எந்தப் பக்கம்

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக வீடுகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் சந்து வெல்டிங் கடைக்காரருக்கு உட்கார நேரமில்லாமல் போயிற்று. இங்கே கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம் என்று இருப்பது சகஜம். மாடிக்குப் போகத் தெருப்பக்கம் ஓர் இரும்பு ஏணி நிற்கும். புது விதிப்படி, கீழே இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே அடுக்குமாடி வீடு. மாடியில் தனிக்குடித்தனம் என்றால் வெளியே எங்கேயோ ஒரு வீடு. பல வருஷம் வாடகை கட்டிய பிறகு அது சொந்தமாகும். அந்த ‘எங்கேயோ’ எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஏணி வீட்டுக்குள் இருந்தால் ஒரே குடும்பமாக எழுதிக்கொள்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட, சந்தே ஏணியைப் பிடுங்கி உள்ளே நட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் மாடியில் என் கொழுந்தனும் அவன் மனைவியும் பிள்ளைகளும். அவள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வீட்டுக்குச் சமைக்க நடந்தே போய் வருகிறவள். தூரத்தில் வீடு கொடுத்தால் டோம்பிவிலிக்காரர்கள் மாதிரி ரயிலில் நசுங்கி வரவேண்டியதுதான். நான் விடுவேனா? இந்தச் சந்துக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டு வார்டு ஆபீசில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒரே வீட்டில் முட்டி மோதிக்கொண்டாலும் எல்லோரும் இங்கேயே இருப்போம் என்று முடிவு கட்டினேன். கொழுந்தன், “மதினி சொன்னா சரிதான்” என்றான். அவன் என்றைக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறான்?

அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் அடுப்படிக்கு மேலே பலகையை அறுத்து, ஏணியை உள்ளே வைத்தாயிற்று. சாயங்காலம் வந்தவள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கணக்கெடுப்பவர் வந்தார். எத்தனை குடும்பம் என்று இந்தியில் கேட்டார்.

“ஒன்று” என்றேன்.

“ரெண்டு” என்று ஏணிப்படியில் இருந்து அவள் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. “ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? எங்கயாவது கொண்டு தள்ளிருவாவ!”

“தள்ளட்டும்க்கா. கல்யாணம் முடிச்சு வந்த நாள்லேருந்து ஒங்க வாசல்லதான் எறங்குதேன். இப்ப ஒங்க அடுப்படியிலயே எறங்குதேன். எவ்வளவு தூரம்னாலும் சரி, நான் பூட்டித் தொறக்குத வீடு ஒண்ணு எனக்கு வேணும்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நான் என் அடுப்பையும் அதை ஒட்டி அவள் நின்ற ஏணியையும் பார்த்தேன். வந்தவர் எழுதாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பார்க்கிறீர்கள்? மாடிக்குத் தனி நம்பர் போடுங்கள்” என்று அவரை இந்தியில் அதட்டினேன். அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாடியின் தெருப்பக்கக் கதவில் சிவப்பு பெயிண்டில் எண் விழுந்தது. அது காயும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.

அவள் போய்விடுவாள் என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எந்தக் கோடியில் வீடு கொடுத்தாலும் முதல் ஆளாகப் போய்க் கதவைத் தட்டப்போகிறவள் நான்தான். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.