மீதி நாலு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். என் ஊரான இறக்காமத்திலிருந்து நான் கல்முனைக்கு அப்படித்தான் வந்தேன். நான் கணித ஆசிரியன். ஒரு வருஷமாகியும் மாமி வீட்டில் உட்கார நல்ல கதிரையும் நேரத்துக்குத் தேத்தண்ணீரும் தந்தார்களே தவிர, ஒரு தேங்காய் உரிக்கக்கூட விடவில்லை. விருந்தாளியாகவே இருந்து அலுத்துவிட்டது. ரோஷமாகவும் இருந்தது.

மனைவிக்கு எட்டாம் மாதம். சுகப் பிரசவம் வேண்டி, நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு ஸலவாத் ஓத மாமி ஏற்பாடு செய்தார். நபியவர்கள் மீதான அந்த வாழ்த்தைப் பலர் கூடியிருந்து பங்கு போட்டு ஓதுவது வழக்கம். அயல் பெண்கள் வந்து அறைக்குள் உட்கார்ந்தார்கள். எண்ணுவதற்கு, நோன்பு காலத்தில் சேர்த்து வைத்த பேரீச்சங்கொட்டைகளை நடுவில் கொட்டியிருந்தார்கள். நான் அறை வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே கதிரையில் இருந்தேன்.

"மருமகன், பதினொரு பேர் வந்திரிக்காங்க. ஆளுக்கு எத்தினை ஓதணும்?" என்று மாமியின் குரல் வந்தது.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். உள்ளே யாராவது கைபேசியைத் தட்டுவதற்குள், "நானூற்றி நாலு மாமி" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. நாலையும் பதினொன்றையும் நூற்றியொன்றையும் பெருக்கினால் இந்த எண் வரும், கடைசி இரண்டும் வேறு எதாலும் பிரியாத முதன்மை எண்கள், இதற்கு மொத்தம் பன்னிரண்டு காரணிகள் என்று விளாசித் தள்ளினேன். உள்ளே கொட்டைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். என் கணக்கை மதித்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, மாமியின் தங்கை சம்மாந்துறையிலிருந்து ஒரு சட்டி வட்டிலாப்ப இனிப்போடு வந்து சேர்ந்தார். எனக்குச் சாச்சி. இப்போது பன்னிரண்டு பேர்.

"பன்னிரண்டால பிரியாது மாமி. மூண்டாலயே பிரியாத எண் இது. சாச்சி சும்மா இரிக்கட்டும்."

"சும்மா இரிக்கவா நான் பஸ் ஏறி வந்த?" என்று சாச்சி சட்டியைத் திரும்பவும் தூக்கினார்.

சாச்சி கோபித்துக்கொண்டு போனால், பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை அந்தக் கதை ஓயாது. ஓத வந்த மனுஷியைத் துரத்திய மருமகன் என்று பெயர் வரும். காரணிகள் ஒன்றும் கைகொடுக்காது.

"பிரியாட்டி மிச்சம் எவ்வளவு வரும்?" என்று மாமி கேட்டார்.

"ஆளுக்கு முந்நூற்றி எழுபது. மிச்சம் நாலு." மனமில்லாமல்தான் சொன்னேன். மீதி வருகிற கணக்கை நான் வகுப்பில்கூட விரும்பிக் கொடுப்பதில்லை.

"அவ்வளவுதானே? அந்த நாலையும் புள்ளைட வாப்பா ஓதட்டும்."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. அந்த வீட்டில் என்னை அதுவரை யாரும் பிள்ளையின் தகப்பன் என்று சொன்னதில்லை. திரைக்கு அடியால் நாலு கொட்டைகள் என் பக்கம் வந்தன. சந்தோஷத்தோடு நாலையும் பொறுக்கி முன்னால் வரிசையாக வைத்தேன்.

ஓதத் தொடங்கினேன். ஒன்று ஓதி முடிய ஒரு கொட்டையை நகர்த்த வேண்டும். அதை மறந்துபோனேன். ஓதியது மூன்றா நாலா என்று சந்தேகம் வந்தது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் சந்தேகம். உள்ளே சாச்சி தன் முந்நூற்றி எழுபதையும் முடித்துவிட்டுத் திரைப்பக்கம் வந்து, "என்ன மருமகன், இன்னும் முடியல்லயா?" என்று கேட்டார்.